கேட்ட மஸ்அலாவும் கேட்காத நோயும்



ஷஃபான் பிறந்துவிட்டால் எமக்கு வருகின்ற கேள்விகள் எல்லாம் நோன்புக் கேள்விகளாக மாறிவிடும். ஊசி போடலாமா, கண்ணுக்கு மருந்து விடலாமா, ஆணத்தில் உப்புப் பார்க்கலாமா என்று தொடங்கும். அவற்றோடு வருடந்தவறாமல் வருகின்ற ஒன்று, "பம்ப் அடித்தால் நோன்பு முறியுமா?" என்பது. அதற்கு நான்கு வரியில் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். போன வருடம் ஒரு தாய் வந்து கேட்டதன் பின்னர்தான் அந்த நான்கு வரி போதாது என்று கண்டுகொண்டேன்.

ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் ஆறு படிகள்தாம் உண்டு. அதில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறினார். உட்கார்ந்து சற்று நேரம் சென்ற பின்னரே பேச முடிந்தது. கேட்டது அதே கேள்விதான். நானும் வழமையான பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி தேநீர் எடுக்க மகளைக் குசினிக்கு அழைத்துச் சென்றுவிட்டார். மகளின் காலடிச் சத்தம் மறைந்ததும் அந்தத் தாயின் குரல் இறங்கிவிட்டது.

"ஹஸரத், எனக்கு முந்தி டீ.பீ. வந்தது. பதினெட்டு வருஷமாச்சு. ஆறு மாசம் குளிசை குடிச்சன். சுகமாகிட்டு எண்டு கார்ட்டுல எழுதித் தந்தாங்க. இப்ப திரும்ப வந்திட்டோ எண்டு பயமா இரிக்கி."

"ராத்தா, இதை டொக்டரிடம் சொன்னீர்களா?"

"எப்படிச் சொல்ற? மகள்தானே கூட வாறாள். அவளுக்கு ஒரு இடம் பேசி வந்திரிக்கி."

மூன்று வருடமாக ஒரே டிஸ்பென்சரிக்குப் போய் வருகிறாராம். ஒவ்வொரு முறையும் இருமல் பாணியும் அன்டிபயாடிக் குளிசையும் கிடைக்கும். முட்டு அதிகமானால் புகை பிடிப்பார்கள் (நெபுலைசரைத்தான் அப்படிச் சொன்னார்). ஒரு பம்பும் தந்திருக்கிறார்கள். அதை அலுமாரியில் சேலைகளுக்குள் ஒளித்து வைத்து, தாங்க ஏலாதபோது மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பாராம். வாசலைப் பார்த்தவாறே இதைச் சொல்லி முடித்தார்.

அபூதாவூதில் ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் எனக்கு நினைவு வந்தது. பிரயாணத்தில் தலையில் காயப்பட்ட ஒரு தோழருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்யலாமா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, கூடாது என்றார்கள். அவர் குளித்தார், மௌத்தாகிவிட்டார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அப்படிப் பதில் சொன்னவர்களைத்தாம் கடுமையாகக் கண்டித்தார்கள். காயம் எப்படி என்று விசாரிக்காமல் மஸ்அலா சொன்னவர்கள் அவர்கள். பம்புக்கு நான்கு வரி சொல்லிவந்த நானும் அந்த வரிசையில் அல்லவா நின்றிருக்கிறேன்!

நான் வைத்தியன் அல்ல. எங்கள் மாணவர் ஒருவரின் உறவினர் நெஞ்சு நோய்ப் பிரிவில் வேலை செய்யும் டொக்டர். அவரிடம் இரண்டு தடவை சென்று கேட்டு, அவர் தந்ததை வாசித்து விளங்கிக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன். இப்படிப்பட்ட உம்மாமார், மாமிமார், பெரியம்மாமார் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதனாலேயே இம்முறை இந்தப் பக்கத்தை இதற்கு ஒதுக்கினேன்.

காசநோய் என்றதும் எமது மூத்தவர்கள் "கயரோகம்" என்று காதுக்குள் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று அது சுகமாகும் நோய். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பின்னர் நான்கு மாதம் இரண்டு வகை மருந்து என்று ஆறு மாதம் ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலானோர் குணமடைந்துவிடுகிறார்கள். கிருமி ஒழிந்துவிடுகிறது. ஆனால் கிருமி குடியிருந்த இடம்? கொதிக்கும் எண்ணெய் கையில் பட்டுப் புண் ஆறிய பின்னும், அந்தத் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டு நிற்பதைச் சமைக்கிற நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். சுவாசப்பையிலும் அதுவேதான் நடக்கிறது. சில இடங்களில் தழும்பு இறுகிவிடும். சில மூச்சுக்குழாய்கள் ஒடுங்கிவிடும். வேறு சில தளர்ந்து விரிந்து, சளி தேங்குகின்ற பைகளைப் போலாகிவிடும். சிலருக்குப் பொந்துகள் எஞ்சிவிடும். அதனால் காசநோய் போன பின்னரும் இருமல், சளி, இழுப்பு, படி ஏறினால் முட்டு என்று ஒரு நோய் தங்கிவிடுகிறது. சிலருக்கு உடனே தெரியும். சிலருக்குப் பல வருடம் கழித்து, வயது ஏறும்போதுதான் தெரியவரும். பீடி, சிகரட்டைத் தொடாத பெண்களுக்கும் இது வருகிறது.

இது அரிதான விடயமும் அல்ல. தென் அமெரிக்கா, மெக்சிக்கோ ஆகிய பகுதிகளின் 5 பெரிய நகரங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களை ஊதவைத்துச் சோதித்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. முன்பு காசநோய் வந்திருந்தவர்களில் நூற்றுக்கு 30 பேரளவில் மூச்சுக்குழாய் அடைப்பு இருந்தது; வராதவர்களில் நூற்றுக்கு 14 பேரளவில்தான் இருந்தது. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிடத் தெளிவானது. ஒரு முறை காசநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், இரண்டு முறை வந்தவர்களில் 27 பேருக்கும், மூன்று முறையும் அதற்கு மேலும் வந்தவர்களில் 35 பேருக்கும் மூச்சு நிரந்தரமாகக் குறைந்திருந்தது. மூன்றாம் மாதத்திலேயே "இப்ப நல்லம்" என்று குளிசையை நிறுத்திவிட்டு, நோய் திரும்பியதும் மீண்டும் தொடங்குபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

காசநோயிலிருந்து தப்பி 2020இல் உலகில் உயிரோடு இருந்தவர்கள் 15 கோடியே 50 இலட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எமது சிறிய நாட்டிலேயே 2019இல் மட்டும் 8,000க்கு மேற்பட்டோர் காசநோயாளிகளாகப் பதிவானார்கள். ஆனால் குளிசை முடிந்ததும் கார்ட்டில் "சுகம்" என்று எழுதி அனுப்பிவிடுவதோடு மருத்துவ உலகமும் பல காலம் திருப்திப்பட்டிருந்தது. காசநோய்க்குப் பின்னான சுவாச நோயைப் பற்றி மட்டும் பேசவென்று முதலாவது சர்வதேச மாநாடு தென்னாபிரிக்காவின் ஸ்டெலன்போஷ் நகரில் கூடியதே 2019இல்தான். கிருமியைக் கண்டுபிடித்ததாக ரொபர்ட் கொஹ் அறிவித்தது 1882இல்! நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்க்கு (டொக்டர்மார் சீ.ஓ.பீ.டீ. என்பது) உலகளாவிய வழிகாட்டியை வெளியிடும் குழு, 2023இல்தான் காசநோய் முதலான தொற்றுக்களால் வருவதை ஒரு தனி வகையாகப் பிரித்துச் சொன்னது.

அந்தத் தாயின் பயத்துக்கு வருவோம். திரும்ப வந்துவிட்டதோ? வரக்கூடும்; அதை யாரும் ஊகத்தில் சொல்லக்கூடாது. ஆகவே முதல் வேலை சளிப் பரிசோதனை. இதில் ஒரு நுணுக்கத்தை டொக்டர் விளக்கினார். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு ஆயுள் முழுக்கத் தெரியும். புதிதாகப் பார்ப்பவருக்கு அது புது நோய் போலத் தோன்றலாம். பழைய எக்ஸ்ரே கையில் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு, மாறியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். அதேபோல், கிருமியின் மரபணுவைத் தேடுகின்ற புதிய கருவி, சிகிச்சை முடித்தவரின் சளியில் செத்துக் கிடக்கும் கிருமியையும் காட்டிக்கொடுத்துவிடலாம். அப்போது உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று வளர்ப்புச் சோதனை செய்து பார்ப்பார்கள். முன்பு காசநோய் வந்தது என்று தெரிந்தால்தானே இந்த நிதானம் எல்லாம் வரும்? ஆகவே சகோதரிகளே, பழைய கார்ட்டையும் எக்ஸ்ரேயையும் வெட்கப்பட்டு எரித்துவிடாதீர்கள். காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

சளியில் கிருமி இல்லை என்று உறுதியாகிவிட்டால், அந்த முட்டும் இருமலும் மற்றவருக்குத் தொற்றாது. அவருடைய கோப்பையைத் தனியாக வைக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஊதும் பரிசோதனை. ஒரு குழாயில் முழு மூச்சையும் வேகமாக ஊதச் சொல்வார்கள். பின்னர் மருந்து தந்து, மீண்டும் ஊதச் சொல்வார்கள். குழாய் அடைப்பா, தழும்பினால் சுவாசப்பை சுருங்கியதா, மருந்துக்கு எவ்வளவு திறக்கிறது என்பதெல்லாம் அதில் விளங்கும். காது வைத்துக் கேட்டு மட்டும் "வீசிங்" என்று மருந்து தருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மாவட்டங்கள் தோறும் உள்ள அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களுக்குச் சென்றால் சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். அங்கே போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தனியார் இடங்களாகத் தேடிப் பணத்தைச் செலவழிப்பவர்கள் நம்மவர்களில்தான் அதிகமோ என்று சில வேளை எண்ணுகிறேன்.

மருந்து என்று வரும்போது, மூச்சுக்குழாயை விரிக்கின்ற மருந்துகளே முதலிடம் பெறுகின்றன. ஒரு வகை சில நிமிடத்தில் வேலை செய்து சில மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும், சல்பியூட்டமோல் அப்படியானது. இன்னொரு வகை பன்னிரண்டு மணித்தியாலமோ ஒரு முழு நாளோ வேலை செய்யும். அதை முட்டு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டும். எமது பெண்களிடம் பம்பைப் பற்றி ஒரு பயம் உண்டு: "பழகினா விடாது" என்பது. குளிசை என்றால் பயமில்லை! சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். பம்பை ஒரு தடவை அமுக்கினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது அந்தக் குளிசையின் நாற்பதில் ஒரு பங்கு. குளிசை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்துத்தான் சுவாசப்பைக்கு வருகிறது. பம்ப் நேரே போகிறது. எது பயப்பட வேண்டியது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் பம்பை அடிக்கும் முறை பிழைத்தால் மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அமுக்குகின்ற அதே நேரம் மெதுவாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி வைக்க வேண்டும். அந்தத் தாய் எப்படி அடிப்பார் என்று காட்டச் சொன்னபோது, வாசனைத் திரவியம் போல வாய்க்குள் பீச்சிக் காட்டினார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். மூன்று வருடம் அவர் அதை ருசித்திருக்கிறார், சுவாசிக்கவில்லை. கை ஒத்துழைக்காத வயதானவர்களுக்கு இடையில் பொருத்துகின்ற பிளாஸ்டிக் கூடு ஒன்று உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இனி, காசநோய் வந்ததை டொக்டரிடம் சொல்லியே ஆகவேண்டிய காரணம். ஆஸ்துமாக்காரருக்கு ஸ்டீரொய்ட் கலந்த பம்ப் மிக முக்கியமான மருந்து. காசநோய் வந்து போனவர்களுக்கு அதைக் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை டொக்டர் நிறுத்துப் பார்த்தே தீர்மானிப்பார். நியூமோனியாவுக்கும், காசநோய் மீண்டும் தலை தூக்குவதற்கும் அது வாய்ப்பைக் கூட்டக்கூடும். ஸ்டீரொய்ட் குளிசையை அடிக்கடி விழுங்குவது அதைவிட ஆபத்து. (இதைப் படித்துவிட்டு, பாவித்துவரும் பம்பை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். டொக்டரிடம் கேளுங்கள். அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.) அன்டிபயாடிக்கிலும் இதே கதைதான். சில அன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் சற்றே அடக்கிவிடும்; நோய் மறைந்திருந்து, கண்டுபிடிப்பது தாமதமாகும். டொக்டர் உண்மை தெரியாமல் எழுதித் தந்தால் பிழை யாருடையது?

இன்னும் காசநோய்க் குளிசை குடித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து உண்டு. முட்டுக்குத் தருகின்ற தியோபிலின், ப்ரெட்னிசலோன் ஆகியவற்றின் வலுவை அது குறைத்துவிடும். பிள்ளைப்பேற்றில் இடைவெளிக்காகக் குளிசை எடுப்பவர்களுக்கு அந்தக் குளிசையும் பலிக்காமல் போகலாம். எந்த டொக்டரிடம் எதற்காகப் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கு வெளியிலும் வேலை உண்டு. முட்டும் என்று கட்டிலிலேயே இருந்துவிட்டால் கால்கள் பலமிழந்து, அதனாலேயே முட்டு இன்னும் கூடும். முற்றத்தில் நடக்கத் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்ட வேண்டும். விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெல்ல மூச்சுவிடப் பழகினால், படி ஏறும்போது உதவும். சளி தேங்குபவர்களுக்கு அதை வெளியேற்றும் முறைகளைக் கிளினிக்கில் கற்றுத் தருவார்கள். இன்புளுவென்சா, நியூமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள்.

புகையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாப்பாமாரின் சிகரட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதி ஏச்சு வாங்கியிருக்கிறேன். இப்போது குசினியைப் பற்றி. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில் விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகளில் சில இன்னும் அதிலேயே நிற்கின்றன, செலவு குறைவு என்று. நெஞ்சில் தழும்புள்ள பெண் ஒருத்தியை விறகடுப்பு முன் நிறுத்துவது புண்ணில் உப்பிடுவதுதான். அடுப்பைக் குசினிக்கு வெளியே கொண்டுபோங்கள், புகை போக வழி வையுங்கள், முடிந்தால் வேறொருவர் ஊதட்டும். வெள்ளி இரவுச் சாம்பிராணியும் அப்படித்தான். மணம் ஸுன்னத்தானது, அத்தர் பூசிக்கொள்ளுங்கள். நோயாளி இருக்கும் அறையை மூடிவைத்துப் புகை போடும்படி எந்தக் கிதாபும் சொல்லவில்லை.

கருஞ்சீரகம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கருஞ்சீரகத்தின் சிறப்பு ஸஹீஹான ஹதீஸில் வந்திருக்கிறது, தேனைப் பற்றி குர்ஆனே பேசுகிறது. உண்ணுங்கள், பரக்கத்தாகட்டும். ஆனால் மருந்து செய்யலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்யுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். முதுமை ஒன்றைத் தவிர எந்த நோயும் மருந்தில்லாமல் இறக்கப்படவில்லை என்ற கருத்தையும் சொன்னார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. ஒரு மருந்தைக் காட்டி மற்ற மருந்தை மறுப்பதற்கு அதில் இடமில்லை. பெயரில்லாத பொட்டலத்தில் "முட்டுக்குத் தூள்" விற்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கை! அப்படியான தூள்களில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது? சளியோடு இரத்தம் வந்தால். பழைய பொந்துக்குள் பூஞ்சணம் உருண்டையாக வளர்ந்தாலும், விரிந்த குழாயில் இரத்தக் குழாய் உடைந்தாலும் அப்படி வரும், உயிருக்கு ஆபத்தானது. உதடு நீலம் பாய்ந்தாலும், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமற் போனாலும், பம்ப் அடித்தும் இறங்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இரவுக் காய்ச்சலும் மெலிவும் இரண்டு வாரத்தைக் கடந்த புது இருமலும் வந்தால் மீண்டும் சளிப் பரிசோதனை.

சரி, அவர் கேட்ட மஸ்அலா. நமது ஷாஃபிஈ மத்ஹபில், திறந்த துவாரம் ஒன்றின் வழியாக ஒரு பொருள் வேண்டுமென்றே உட்செலுத்தப்பட்டு "ஜவ்ஃப்" எனும் உட்பகுதியை அடைந்தால் நோன்பு முறியும் என்பது விதி. பம்பில் வருவது வெறும் காற்றல்ல, மருந்துத் துளிகள். எனவே முறியும் என்பதே நம் மத்ஹபின் விதியைப் பின்பற்றிப் பல உலமாக்கள் சொல்வது. ஷெய்க் இப்னு பாஸ், ஷெய்க் இப்னு உஸைமீன் போன்றோர், அது உணவுமல்ல பானமுமல்ல, போவது சுவாசப்பைக்கு என்று காட்டி, முறியாது என்றார்கள். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் நோன்பை முறிப்பவை பற்றித் தீர்மானம் எடுத்தபோது, பம்ப் விடயத்தை மேலும் ஆராயவென்று பிற்போட்டது. அவ்வளவு நுண்ணியது இந்த விடயம்.

பெரும்பாலானோருக்கு இந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் போகவே தேவை வராது. பன்னிரண்டு மணித்தியால மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும், ஒரு நாள் மருந்தை இரண்டில் ஒன்றுக்கும் மாற்றிக்கொள்ளலாம். அதை நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டொக்டரிடம் பேசி ஒழுங்கு செய்ய வேண்டும், தலைப்பிறை கண்ட இரவில் அல்ல. பகலில் முட்டு வந்துவிட்டால்? அடியுங்கள். யோசிக்காதீர்கள், மஃரிபுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்காதீர்கள். பேணுதலுக்காக அந்த நாளைப் பின்னர் களாச் செய்யுங்கள். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை ஸூரதுல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில் தந்தவன் அல்லாஹ். அதை வாங்க வெட்கப்படுவதற்கு நாம் யார்? இனி ஒருபோதும் நோற்க முடியாத அளவுக்கு நோய் நிரந்தரமாகிவிட்டது என்று நம்பிக்கையான டொக்டர் சொன்னால், நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி ஃபித்யா. அதைச் சுமார் 600 கிராம் என்று கணக்கிட்டுக் கொடுப்பது வழக்கம். நின்று தொழ முட்டினால் இருந்து தொழுங்கள். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நோயின்போது நபி (ஸல்) அவர்கள் அப்படியே வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது.

நோயை மறைப்பது பற்றியும் அவர் கேட்டார். அல்லாஹ் மறைத்ததை நாமே வெளிப்படுத்துவது பாவமில்லையா என்றார். நல்ல பெண்மணி! மறைக்கச் சொல்லப்பட்டது பாவத்தையே. நோய் பாவமல்ல. ஆலோசனை கேட்கவும் அபாயத்தைத் தவிர்க்கவும் ஒருவரின் குறையைச் சொல்வதைக்கூட இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் அனுமதிக்கப்பட்டவற்றில் சேர்த்திருக்கிறார்கள். அப்படியிருக்க, தன் உடலைப் பற்றித் தன் டொக்டரிடம் சொல்வதில் என்ன தடை? மகள் பக்கத்தில் இருப்பது சங்கடமென்றால், அவளைச் சற்று வெளியே நிற்கச் சொல்லுங்கள் என்று தாதியிடம் காதோடு சொன்னால் போதும்.

சம்பந்தம் பேச வருபவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா? காசநோய் தாயிடமிருந்து மகளுக்கு வாரிசாக இறங்கும் நோயல்ல. பதினெட்டு வருடத்துக்கு முன் தாய்க்கு வந்து சுகமானது மகளின் குறையாகாது. அதைத் தாமாக எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. ஆனால் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. வந்தது, சுகமாகிவிட்டது என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். மணமகளுக்கோ மணமகனுக்கோ இப்போது நோய் இருக்கிறது என்றால் அது வேறு விடயம்; அதை மறைத்து நிக்காஹ் செய்வது ஏமாற்று. பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசித்தபோது, நபி (ஸல்) அவர்கள் இருவரின் குறையையும் மறைக்காமல் சொன்னார்கள்.

நோன்பு முடிந்து ஷவ்வாலில் ஒரு நாள் மகள் மட்டும் வந்தாள், என் மனைவியிடம் ஒரு தட்டு தொதல் கொடுக்க. உம்மாவை ஷஃபானிலேயே மார்பு நோய்க் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். மூன்று தடவை சளி கொடுத்தார்களாம், கிருமி இல்லை. ஊதும் பரிசோதனையில் அடைப்புத் தெரிந்திருக்கிறது. இப்போது காலையும் மாலையும் ஒரு பம்ப், அவசரத்துக்கு மற்றொன்று. ஆறு படியை ஒரே தடவையில் ஏறுவாரா என்று கேட்டேன். "இன்னும் இல்ல ஹஸரத், ஒரு தரம் நிப்பாங்க" என்றாள்.

பின்னர் சற்றுத் தயங்கி, "உம்மா சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். அந்தக் கார்ட்ட அலுமாரில நான் பள்ளிக்கூடம் போற காலத்திலேயே கண்டிரிக்கன். உம்மா வெக்கப்படுவாங்க எண்டுதான் கேக்கல்ல" என்றாள். கிளினிக்கில் தாய் அந்தக் கார்ட்டைத் தேடியபோது, தன் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டியது இவள்தானாம்.

பேசி வந்த இடம் இன்னும் முடிவாகவில்லை. உம்மாவுக்கு நான்கு நோன்பு விடுபட்டிருக்கிறது. அதை ஆறு நோன்போடு சேர்த்து நோற்கலாமா என்று கேட்டு வரச் சொன்னாராம். களாவை முதலில் முடிக்கட்டும், தொடர்ச்சியாக நோற்க வேண்டும் என்றில்லை, மூச்சு நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்து நோற்றால் போதும், அடுத்த றமழானுக்குள் முடிந்தால் சரி என்று சொல்லி அனுப்பினேன்.